பசிக்காத எட்டு மாதங்கள்

அந்தத் தெருவில் கேஜ்காரர் வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். நீரேற்று நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் பம்பு ஓட்டியவர். அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளை வைத்த கண் வாங்காமல் பார்த்தே காலத்தை ஓட்டியவர் என்பதால், கூட வேலை பார்த்தவர்கள் சூட்டிய பெயர் அது. அவருடைய ஷிஃப்டில் மோட்டார் நின்றுபோனது என்று ஒருவரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுச் சொல்லிவிட முடியாது. ஓய்வு பெற்ற பிறகு மனுஷருக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. மாடித் தொட்டியில் குச்சி விட்டுத் தண்ணீர் அளந்து பார்த்தார். எதிர் வீட்டுத் தொட்டியையும் அளக்கப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதற்கு அடுத்த மாதம்தான் அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது.

சொல்லக் கூடாதுதான், ஆனாலும் உண்மை அதுதான்: அவருக்கு மறுபடி ஒரு வேலை கிடைத்தது.

மனைவிக்கு வலது கை விழுந்துவிட்டது. நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. அதெல்லாம் போகட்டும், விழுங்க முடியாமல் போனதுதான் பெரிய அடி. ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தால்கூட வழி மாறி நுரையீரல் பக்கம் போனது. அதனால் வயிற்றில் இடது விலாவுக்குக் கீழே ஒரு சின்னத் துளை போட்டு, பென்சில் பருமனில் ஒரு குழாயை நேரே இரைப்பைக்குள் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "இது தற்காலிகம்தான். தொண்டை பழகிட்டா எடுத்துடலாம்" என்றார் டாக்டர். டாக்டர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் கேஜ்காரர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். இந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை.

காலை ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது என்று ஆறு வேளை. ஒவ்வொரு வேளைக்கும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முதுகுக்கு இரண்டு தலையணை முட்டுக் கொடுத்து அவளைச் சாய்வாக உட்கார வைப்பார். குழாயில் அச்சிட்டிருக்கும் கோடுகளில் மூன்றரை என்ற கோடு தோல் மட்டத்தில் நிற்கிறதா என்று கண்ணாடி போட்டுக் குனிந்து பார்ப்பார். பெரிய சிரிஞ்சின் தண்டை உருவி எடுத்துவிட்டு, வெறும் குழலைக் குழாயின் வாயில் செருகி, முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு கரைத்த மாவுணவு, கடைசியில் மறுபடி தண்ணீர். தள்ளவே கூடாது, தானாக இறங்க வேண்டும். கையை எவ்வளவு உயரத்தில் பிடித்தால் எவ்வளவு நேரத்தில் இறங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. மாத்திரைகளைத் தனித்தனியாக மாவாய்ப் பொடித்துத்தான் கொடுப்பார். சாயங்காலம் துளையைச் சுற்றித் துடைத்து, ஈரம் போக ஒற்றி, குழாய் சதையோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடுவார். எட்டு மாதத்தில் ஒரு தடவை அடைப்பில்லை, ஒரு சொட்டுச் சீழில்லை.

தெருவே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. தொட்டியை அளந்ததற்குத் திட்டிய அதே எதிர் வீட்டு அம்மா இப்போது வாசலில் நின்று, "எங்க வீட்டுக்காரரும் இருக்காரே, நான் படுத்துக் கெடந்தா ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுப்பாரா?" என்று அங்கலாய்ப்பாள். கேஜ்காரர் அடக்கமாகச் சிரிப்பார். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடமாட்டார்.

"எட்டு மாசமா, ஒரு நாள், ஒரு வேளை, பசின்னு அவ சொன்னதில்லங்க."

அவர் இதைச் சொல்லும்போதெல்லாம் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருந்தவள். கண்ணாடியில் இருந்த வட்டத் துளை வழியாக முப்பது வருடம் ஊர் உலகத்தோடு பேசித் தீர்த்தவள். பேச்சுக்கு அடுத்தபடி சாப்பாடு. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் ஒரு பிடி பிடிப்பாள், எழுந்து போய்ச் சமையல்காரரிடம் எதில் உப்புக் கூட, எதில் புளி கம்மி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டும் வருவாள். அப்படிப்பட்ட வாய் எட்டு மாதமாக ஒரு பருக்கையைப் பார்க்கவில்லை. அது திரும்பவும் சாப்பிடுமா, சாப்பிடாதா? அவளுக்கு இருந்த ஒரே கேள்வி இதுதான். கேஜ்காரர் அந்தக் கேள்வியை எடுத்துப் பரணில் போட்டுவிட்டார்.

ஒரேயடியாகப் போட்டார் என்றும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், விழுங்கப் பழக்கும் பயிற்சியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து எல்லாம் காட்டிக் கொடுத்தார். நாக்கை மேலண்ணத்தில் அழுத்திப் பத்து எண்ண வேண்டும். படுத்தபடி தலையை மட்டும் தூக்கிக் கால் விரலைப் பார்க்க வேண்டும். எச்சிலைப் பலம் கொண்ட மட்டும் விழுங்க வேண்டும். பத்து நாள் ஆனதும் கெட்டியாகக் கடைந்த காய்க்கூழ் அரை ஸ்பூன் கொடுத்துப் பார்க்க வேண்டும். கேஜ்காரர் பத்து நாளும் கண்ணும் கருத்துமாகச் செய்ய வைத்தார். பதினோராம் நாள் அரை ஸ்பூன் கூழைக் கொடுத்தார். அவள் விழுங்கினாள். விழுங்கியவுடன் இருமினாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் கொட்டும் வரை இருமினாள்.

கேஜ்காரர் பயந்துவிட்டார். ஸ்பூனைக் கழுவி அலமாரியில் வைத்தவர்தான், அப்புறம் அதை எடுக்கவே இல்லை.

இருமல் அடங்கியதும் அவள் அன்றைக்கே இன்னொரு வாய் கேட்டாள். "இன்னும் ஒண்ணு" என்று இடது கையின் விரலைக் காட்டினாள். "நாளைக்குப் பாப்போம்" என்றார். மறுநாளும் கேட்டாள். "குழாய்ல நல்லா போயிட்டிருக்கு. எதுக்கு வம்பு? நெஞ்சுல போய் அடைச்சா யார் பதில் சொல்றது?" என்றார். மூன்று வாரம் தினமும் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அவளுக்குப் பழகிவிட்டது என்று கேஜ்காரர் நினைத்துக்கொண்டார். சௌகரியமான நினைப்பு, யாருக்கும் சீக்கிரம் வந்துவிடும்.

பயிற்சியாளர் போன் செய்தபோது அவர் அடுப்படியில் சிரிஞ்ச் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாயை மூடாமலே பேசினார். "அவளுக்கு விருப்பம் இல்லங்க மேடம். எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். வேணாம்கறா." அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "சரி சார். மனசு மாறினா கூப்பிடுங்க" என்று பயிற்சியாளர் வைத்துவிட்டார். கேஜ்காரர் கை நடுங்காமல் சிரிஞ்சைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். இவ்வளவு சுலபமாகத் தமக்குப் பொய் வரும் என்று அவருக்கே அதுவரை தெரியாது.

எட்டாம் மாதம் குழாயின் வாய்ப்பக்கம் வெடிப்பு விட்டது. பயந்துவிட வேண்டாம், வருகிற காலத்தில் வருகிற தேய்மானம்தான். மாற்ற வேண்டும் என்று வரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பழையதை உருவிப் புதியதைப் பொருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் கேஜ்காரர் மூன்றரைக் கோட்டைப் பற்றி இரண்டு தடவை நினைவுபடுத்திவிட்டார்.

"நீங்களே மாத்திடுவீங்க போலிருக்கே சார்" என்று சிரித்தாள் நர்ஸ். "தோலைப் பாருங்க, ஒரு சிவப்பு கெடையாது. இப்படி யாரும் வச்சுக்கறதில்ல."

கேஜ்காரருக்கு உச்சி குளிர்ந்தது. குளிர்ந்துகொண்டிருக்கும்போதே திரை விலகி, கையில் ஃபைலோடு பயிற்சியாளர் உள்ளே வந்தார்.

"அட, நீங்களா?" என்று மனைவியின் தோளைத் தொட்டார். பிறகு கேஜ்காரர் பக்கம் திரும்பினார். "இன்னும் விருப்பம் இல்லன்னுதான் சொல்றாங்களா சார்?"

கேஜ்காரர் முகத்தில் ஈயாடவில்லை.  சுவரில் கை கழுவும் முறையைப் பற்றி ஒரு படம் ஒட்டியிருந்தது. அதை இப்போதுதான் முதல் முதலாகப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

மனைவியின் பக்கத்திலிருந்து கனத்த நாக்கில், ஒவ்வொரு எழுத்தாக உருட்டிக்கொண்டு குரல் வந்தது.

"ஆமா. நான்தான்… முடியாதுன்னுட்டேன்."

பயிற்சியாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபமில்லை, ஆதங்கம்தான். "ஏம்மா இப்படிப் பண்ணீங்க? ஆரம்பத்துல எவ்வளவு நல்லா பண்ணீங்க? சார் பாவம், ஒத்தை ஆளா அல்லாடறாரு. அவருக்காகவாவது நீங்க ஒத்துழைக்க வேண்டாமா?" நர்ஸும் சேர்ந்துகொண்டாள். "கட்டினவர் தாங்கு தாங்குன்னு தாங்கினா இப்படித்தான் பிடிவாதம் வரும்" என்றாள் வேடிக்கையாக. மனைவி தலையைக் குனிந்து, விழுந்துபோன வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டிக்கெட் கவுண்டரில் ஒரு சொல் பொறுக்காதவள். இரண்டு பேர் பேசி முடிக்கும் வரை அப்படியே இருந்தாள்.

கேஜ்காரர் அருகில்தான் நின்றிருந்தார். ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவில்லை. பின்னாளில் அவரை அதிகம் அரித்தது அடுப்படியில் சொன்ன பொய்கூட இல்லை, இந்த இரண்டு நிமிடம்தான்.

"விருப்பம் இல்லன்னா நாங்க கட்டாயப்படுத்தறதில்லம்மா. பயிற்சிக்கு நெறைய பேர் காத்திருக்காங்க. உங்க பேரை எடுத்துடறேன்" என்று பயிற்சியாளர் எழுந்து போனார்.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கேஜ்காரர் வாசல் வரை வந்துவிட்டார். ஆட்டோக்கள் நின்றிருந்தன. கூப்பிடக் கை எழவில்லை. நாற்காலியைச் சுவரோரமாக நிறுத்தி, அவள் முன்னால் குந்தினார்.

"உனக்குத் தெரியுமா? நான் போன்ல சொன்னது?"

"அன்னைக்கே தெரியும்" என்றாள். "முப்பது வருஷம் பஸ் இரைச்சல்ல காதக் குடுத்துக் கேட்டவ நான். தண்ணிக் குழாயத் தொறந்துவிட்டா… கேக்காதுன்னு நினைச்சீங்களா?"

"அப்ப ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா இல்லன்னு சொல்லுவீங்க. அப்புறம் அது ரெண்டு பொய்யாயிடும்."

 "இப்ப எதுக்கு உன் மேல போட்டுக்கிட்ட?"

 அவள் உதட்டோரம் வழிந்த எச்சிலைத் தானே துடைத்துக்கொண்டாள். "நாலு பேர் முன்னாடி நீங்க தலை குனிஞ்சு நிக்கறத என்னால பாக்க முடியாது. அவ்வளவுதான். மன்னிச்சுட்டேன்னு… நினைச்சுக்காதீங்க."

கேஜ்காரர் எழுந்தார். நாற்காலியைத் திருப்பினார். வந்த வழியே, நடையில் நின்றவர்களை விலகச் சொல்லிக்கொண்டு, கிட்டத்தட்ட ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போனார். பயிற்சியாளரின் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே இன்னொரு நோயாளியின் குடும்பம் உட்கார்ந்திருந்தது. அதையெல்லாம் அவர் பார்க்கவில்லை.

"மேடம், அவ வேணாம்னு சொல்லல. மொத ஸ்பூனுக்கு இருமினா, நான் பயந்துட்டேன். அப்புறமும் தெனம் கேட்டா. நான்தான் குடுக்கல. உங்ககிட்ட நான் சொன்னது பொய்."

பயிற்சியாளர் பேனாவை மூடி வைத்தார். அந்தக் குடும்பத்தைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார்.   அலமாரியிலிருந்து ஒரு கிண்ணத்தில் கெட்டிக் கூழைக் கலந்து எடுத்து வந்து, மனைவியை நிமிர்த்தி உட்கார வைத்து, மோவாயைத் தாழ்த்தச் சொல்லி, அரை ஸ்பூன் கொடுத்தார். இரண்டு விரலைத் தொண்டைக் குமிழில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். குமிழ் மெல்ல எழுந்தது, பாதியில் நின்றது, மறுபடி எழுந்து இறங்கியது. இரண்டாம் ஸ்பூனுக்கு அவள் இருமினாள்.

கேஜ்காரர் துள்ளி எழுந்தார்.

"உக்காருங்க சார். இருமட்டும். இருமினா தொண்டைக்கு உணர்ச்சி இருக்குன்னு அர்த்தம். தப்பா போனதைத் தானே வெளிய தள்ளுது. சத்தமே இல்லாம உள்ள போகுது பாருங்க, அதுதான் ஆபத்து." அவள் வாயைத் துடைத்துவிட்டு, "அன்னைக்கு அவங்க இருமினது நல்ல சேதி" என்றார்.

எந்தச் சத்தம் கேட்டுப் பயந்து அவர் எட்டு மாதம் அவள் வாயை மூடி வைத்தாரோ, அது நல்ல சேதியாம். அவர் உட்கார்ந்தார்.

"அப்பவே விடாம பண்ணியிருந்தா?"

"அதை எதுக்கு சார் இப்ப?"

"சொல்லுங்க மேடம். எனக்குத் தெரியணும்."

"நிச்சயமா சொல்ல முடியாது. ரெண்டு மூணு மாசத்துல குழாயே வேணாம்னு ஆகியிருக்கலாம். இப்ப தசை ரொம்பச் சோர்ந்து போச்சு. ருசிக்கு நாலு வாய் சாப்பிடலாம். வயித்தை நெரப்பற அளவுக்கு வருமான்னா…" என்று உதட்டைப் பிதுக்கினார். பிறகு மனைவியிடம் குனிந்து, "சாப்பிடணும்னு தோணுதாம்மா? பசி இருக்கா?" என்று கேட்டார்.

"பசியா?" என்றாள் மனைவி. "மூணு மணிக்கொருதரம் ஊத்தி ரொப்பிடறாரு. அது எப்படி இருக்கும்னே மறந்து போச்சு."

அவள் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேஜ்காரருக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஊர் முழுக்க அவர் மார்தட்டிச் சொல்லி வந்தது இதைத்தானே.

அந்த வாரமே எக்ஸ்ரே வைத்து விழுங்குவதைப் பார்த்தார்கள். கெட்டிக் கூழ் மட்டும், ஒரு வேளைக்கு ஐந்து ஸ்பூன் வரை, தண்ணீர் கூடவே கூடாது என்று அனுமதி கிடைத்தது. பயிற்சியாளர் இன்னொன்றும் சொன்னார். "பன்னண்டு மணி வேளையைத் தள்ளிப் போடுங்க. பசி வரட்டும். பசி வந்தாதான் தொண்டைக்கு வேலை செய்யத் தோணும். அவங்களே சொல்ற வரைக்கும் குழாயத் தொடாதீங்க சார்." கடைசி வாக்கியத்தைக் கேஜ்காரர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

முதல் நாள். பன்னிரண்டு அடித்தது. கேஜ்காரரின் கை தானாகச் சோப்பைத் தேடிப் போனது. திருப்பி இழுத்துக்கொண்டு கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். அடுப்படியில் பூசணியை வேக வைத்து, உப்புப் போட்டு, நாரில்லாமல் கடைந்து மூடி வைத்திருந்தார். பன்னிரண்டரை ஆயிற்று. மனைவி நாக்கை மேலண்ணத்தில் அழுத்திப் பத்து எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு மணி ஆயிற்று. அவருக்கு வியர்த்தது. முப்பத்திரண்டு வருடத்தில் வேண்டுமென்றே ஒரு மோட்டாரை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்தவரில்லை அவர்.

"என்னம்மா?" என்றார்.

"இன்னும் இல்ல."

ஒன்றரைக்கும் அதே பதில். இரண்டுக்கு அவர் வாயைத் திறப்பதற்குள், "சும்மா இருங்க" என்றாள். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பவில்லை.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும். மனைவி திடீரென்று வயிற்றில் கையை வைத்தாள். குழாய் இருந்த இடத்தில் இல்லை, நடுவில். முகம் என்னவோ போல ஆனது. அவர் பயந்து எழுந்தார்.

"பசிக்குது" என்றாள். அவளே நம்பாதது போல மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். "ஏங்க, பசிக்குதுங்க."

கேஜ்காரர் கிண்ணத்தை எடுத்து வந்தார். முதல் ஸ்பூனை நாக்கின் நடுவில் வைத்தார். அவள் உடனே விழுங்கவில்லை. கண்ணை மூடி, வாய்க்குள்ளேயே அதை அங்கும் இங்கும் உருட்டி வைத்திருந்தாள். விழுங்கினாள். இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதற்கு இருமல் வந்தது. அவர் கை கிண்ணத்தை இழுத்தது. அவள் இடது கையால் அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். நல்ல பிடி. இருமி முடித்து, அதையும் விழுங்கிவிட்டுத்தான் விட்டாள். நான்காவது ஸ்பூன் உள்ளே போகவில்லை. நாக்கு சோர்ந்துவிட்டது. பாதி உதட்டோரமாக வழிந்தது. அவர் துடைத்துவிட்டார். இன்னொரு தடவை முயன்றாள். அதுவும் வழிந்தது.

"போதும்" என்றாள். கிண்ணத்தில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. அவள் கண் அதிலேயே இருந்தது. "பசி மட்டும் போகல."

அவர் எழுந்தார்.  கையைக் கழுவினார். தலையணையைச் சரி செய்தார். மூன்றரைக் கோட்டைப் பார்த்தார். சிரிஞ்சைச் செருகித் தண்ணீர் விட்டு, மாவுணவை ஊற்றிக் கையை உயர்த்திப் பிடித்தார். எப்போதும் போல ஒரு தடங்கலும் இல்லாமல் இறங்கியது. அது இறங்கும் அழகைப் பார்த்து எட்டு மாதம் பூரித்தவர், இன்று பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் கலங்கியதால் பாதிக் குவளை போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

அவள் அவர் முழங்கையைத் தொட்டாள்.

"முழுசா ஊத்திடாதீங்க" என்றாள். "கொஞ்சம் பசி இருக்கட்டும்."

அவர் கையைத் தாழ்த்தினார். கடைசித் தண்ணீரை விட்டு, குழாயை மூடி, மீதிக் குவளையை எடுத்துக்கொண்டு போய் அடுப்படித் தொட்டியில் கொட்டினார். திரும்பி வந்து, அடுத்த வேளை எப்போது என்று கடிகாரத்தைப் பார்க்காமல், அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.